அதிகப் புள்ளிகள் எடுத்தவர் தோற்றது எப்படி? 2025 பிரெஞ்சு ஓபன் முடிவுகள் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: பேஸ்லைன்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் கடினத் தரை ஆட்டங்களைத்தான் தொடர்ந்து பார்ப்பவன். களிமண் தரை ஆட்டங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிபட்டதில்லை. 2025 பிரெஞ்சு ஓபன் ஆடவர் ஒற்றையர் இறுதி ஆட்டத்தை நேரலையில் பார்க்க முடியாமல் போனது. பிறகு முடிவை மட்டும் படித்தேன்: கார்லோஸ் அல்கராஸ் 4-6, 6-7, 6-4, 7-6, 7-6 என்ற செட் கணக்கில் யானிக் சின்னரை வென்றிருக்கிறார். ஆட்டம் 5 மணி 29 நிமிடம் நீடித்திருக்கிறது. அதோடு நின்றிருந்தால் எனக்குக் குழப்பம் வந்திருக்காது. ஆனால் புள்ளிவிவரப் பட்டியலின் அடியில், ஆட்டம் முழுவதிலும் சின்னர் எடுத்த புள்ளிகள் 193 என்றும் அல்கராஸ் எடுத்தவை 192 என்றும் போட்டிருந்ததைப் பார்த்தபோது, அச்சுப் பிழையோ என்றுகூட நினைத்தேன்.

என் சந்தேகங்கள் இவைதான். கூடுதலாகப் புள்ளி எடுத்தவர் தோற்பது எப்படி? நான்காவது செட்டில் சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டுகள் (ஒன்றை வென்றாலே கோப்பை) கிடைத்தும் அவை கைநழுவின என்கிறார்களே, அதை அவருடைய தோல்வி என்று கொள்வதா, அல்கராஸின் வெற்றி என்று கொள்வதா? மகளிர் பிரிவிலும் இதே போன்ற ஒரு கேள்வி எனக்கு இருக்கிறது. கோகோ காஃபிடம் 6-7, 6-2, 6-4 என்று தோற்ற அரினா சபலென்கா, தாமாகச் செய்த பிழைகள் மட்டும் 70 என்று படித்தேன். அப்படியானால் அந்தக் கோப்பை வென்றெடுக்கப்பட்டதா, கொடுக்கப்பட்டதா? ஆட்டங்களை முழுமையாகப் பார்த்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாவேன்.

மறுமொழி 1: இரண்டாவது சர்வீஸ்

அச்சுப் பிழை இல்லை, நண்பரே; எண்கள் சரிதான். டென்னிஸில் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிப்பதில்லை. ஒரு கேமை 40-0 என்ற நிலையிலிருந்து வென்றாலும், பத்து முறை டியூஸ் (40-40 என்ற சமநிலை) ஆகி வென்றாலும் கணக்கில் ஏறுவது ஒரே ஒரு கேம்தான். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இந்த ஆட்டத்தின் எண்களைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால், முடிவைவிட வியப்பான ஒன்று உள்ளே இருக்கிறது.

செட் கணக்கை வைத்துக் கேம்களைக் கூட்டிப் பாருங்கள். அல்கராஸுக்கு 30, சின்னருக்கு 29. இவற்றில் டைபிரேக்கரால் (6-6 ஆனதும் செட்டை முடிக்க ஆடப்படும் தனி கேம்) வந்த கேம்கள் மூன்று: இரண்டாவது செட்டில் சின்னருக்கு ஒன்று, நான்காவதிலும் ஐந்தாவதிலும் அல்கராஸுக்கு ஒவ்வொன்று. அவற்றைக் கழித்துவிட்டால் இருவருக்கும் 28, 28 என்று சமமாக நிற்கிறது. அதாவது ஐந்தரை மணி நேரம் ஆடிய இருவரை, டைபிரேக்கர் அல்லாத கேம்களில் ஒரு கேம்கூடப் பிரிக்கவில்லை.

இப்போது புள்ளிகளுக்கு வாருங்கள். மூன்று டைபிரேக்கர்களும் முறையே சின்னருக்கு 7-4, அல்கராஸுக்கு 7-3, அல்கராஸுக்கு 10-2 என்று முடிந்தன. ஆகவே டைபிரேக்கர்களில் மட்டும் அல்கராஸ் 21 புள்ளிகளும் சின்னர் 12 புள்ளிகளும் எடுத்திருக்கிறார்கள். மொத்தத்திலிருந்து இவற்றைக் கழித்தால், சாதாரண கேம்களில் சின்னர் 181, அல்கராஸ் 171. பத்துப் புள்ளிகள் கூடுதலாக எடுத்தும் சின்னரால் ஒரு கேம்கூடக் கூடுதலாக எடுக்க முடியவில்லை! அவர் தம்முடைய கேம்களைச் சற்று எளிதாகவும் அல்கராஸ் தம்முடையவற்றைப் பெரும் போராட்டத்தோடும் வென்றிருக்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள்.

ஐந்தாவது செட் 6-6 என்றானபோது சின்னர் 191, அல்கராஸ் 182 என்று இருந்திருக்கிறது. ஒன்பது புள்ளிகள் முன்னிலையில் இருந்தவர், அதன் பிறகு ஆடப்பட்ட பன்னிரண்டு புள்ளிகளில் இரண்டை மட்டுமே எடுத்தார். அந்த டைபிரேக்கர் முதலில் 7-0 என்று போனதை நேரில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அதற்கு முந்தைய ஐந்து மணி நேரத்தை வேறு யாரோ இருவர் ஆடினார்களோ என்று தோன்றியிருக்கும்.

மறுமொழி 2: செங்கல்தூள்

முன்னவர் எண்ணை நன்றாகப் பிரித்துக் காட்டிவிட்டார். நான் தரையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் கேள்வி கேட்டவர் கடினத் தரை ரசிகர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த முடிவு கடினத் தரையில் இதே வடிவத்தில் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

களிமண் தரை என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, பாரிஸில் ரோலண்ட் காரோஸ் அரங்குகளின் மேற்பரப்பில் இருப்பது களிமண் அன்று. செங்கல்லைப் பொடித்த தூள். அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் தூவப்பட்டிருக்கும். அதற்குக் கீழே நொறுக்கிய சுண்ணாம்புக்கல் அடுக்கும், அதற்கும் கீழே எரிந்த நிலக்கரிக் கசடு, சரளை, பெருங்கற்கள் என்று அடுக்கடுக்காகவும் இருக்கின்றன. பந்து விழும்போது இந்தத் தூள் அதன் வேகத்தைப் பிடித்து இழுக்கிறது. டாப் ஸ்பின்னோடு (முன்னோக்கிய சுழற்சியோடு) வரும் பந்து உயர எழும்புகிறது. கடினத் தரையில் எதிராளியைத் தாண்டிப் போய்விடும் அடி, இங்கே இன்னொரு முறை திரும்பி வருகிறது. ஆட்டக்காரர்களும் ஓடிப்போய் நிற்பதில்லை. சறுக்கிக்கொண்டே போய் அடிக்கிறார்கள். செட் முடிந்ததும் பணியாளர்கள் வலையை இழுத்துக்கொண்டு தரையைச் சமன்படுத்துவதையும், கோடுகளைத் துடைப்பதையும், ஆட்டக்காரர்கள் மட்டையால் காலணியின் அடியைத் தட்டி மண்ணை உதிர்ப்பதையும் பார்த்திருப்பீர்கள். காட்சிக்கு அழகாக இருக்கும் இவையெல்லாம் அந்தத் தூளினால் வருபவைதான்.

இதன் நேரடி விளைவு, சர்வீஸ் என்னும் கவசம் மெலிந்துவிடுவது. நான்காவது செட்டில் 5-3 என்று சின்னர் முன்னிலை பெற்றிருந்தபோது, அல்கராஸ் சர்வீஸில் 0-40. அந்த மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டுகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அதற்கு அடுத்த கேம்தான் முக்கியமானது. 5-4 என்ற நிலையில் சின்னர் கோப்பைக்காகச் சர்வீஸ் போட்டார். அந்தக் கேமை அல்கராஸ் முறியடித்தார். அப்போது உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர், அந்தத் தொடரில் இறுதி ஆட்டத்துக்கு முன் ஒரு செட்டைக்கூட இழக்காதவர், அரையிறுதியில் நோவக் ஜோகோவிச்சையே 6-4, 7-5, 7-6 என்று நேர் செட்களில் வீழ்த்தியவர், தம் கையில் சர்வீஸ் இருந்தும் முடிக்க முடியவில்லை. வேகத் தரையில் அந்த நேரத்தில் இரண்டு நல்ல முதல் சர்வீஸ் விழுந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

இதே தரை அல்கராஸையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தாவது செட்டில் 5-4 என்று அவர் கோப்பைக்காகச் சர்வீஸ் போட்டபோது, சின்னர் அதை முறியடித்து, பிறகு 6-5 என்று முன்னேயும் போனார். ஆகவே ‘சின்னர் பதறிவிட்டார்’ என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பவர்கள், அல்கராஸும் அதே இடத்தில் ஒரு முறை தடுமாறினார் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மறுமொழி 3: கடைசி வரிசை

தரையின் மீது பழியைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சின்னரும் அல்கராஸும் நின்றது ஒரே தரையில்தான். ஒருவர் சாம்பியன்ஷிப் பாயிண்ட் மூன்றை வைத்துக்கொண்டு முடிக்கவில்லை, மற்றவர் அவற்றைத் தாண்டி வந்தார் என்றால், வேறுபாடு ஆட்களிடம்தான் இருக்கிறது. இதற்கு முந்தைய ஆண்டு, 2024 அரையிறுதியிலும் சின்னர் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னிலை பெற்றிருந்து, இதே அல்கராஸிடம் 2-6, 6-3, 3-6, 6-4, 6-3 என்று தோற்றவர். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஒரே ஆளிடம் ஒரே விதமாக நடந்தால் அதற்குத் தரையைக் காரணம் காட்ட முடியாது.

ஓப்பன் காலத்தில் (தொழில்முறை ஆட்டக்காரர்களும் அனுமதிக்கப்பட்ட 1968 முதல்) கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் ஆடவர் ஒற்றையர் இறுதியில் சாம்பியன்ஷிப் பாயிண்டைக் காப்பாற்றிவிட்டு வென்றவர்கள் மூன்றே பேர்: 2004-இல் இதே பாரிஸில் கில்லர்மோ கோரியாவை வென்ற கஸ்டன் காடியோ, 2019 விம்பிள்டனில் ரோஜர் பெடரரை வென்ற ஜோகோவிச், இப்போது அல்கராஸ். மூன்றில் ஒன்று புல்தரையில் நடந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

மறுமொழி 4: செங்கல்தூள்

ஆட்களிடம் வேறுபாடு இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வேறுபாடு வெளிப்படுவதற்கு இந்தத் தரை நேரம் கொடுக்கிறது என்கிறேன். மூன்றில் ஒன்று புல்தரை என்கிறீர்கள், மற்ற இரண்டும் பாரிஸ் அல்லவா?

அதோடு, இரண்டு செட் பின்தங்கிய பிறகு இறுதி ஆட்டத்தை வெல்வது ரோலண்ட் காரோஸில் எத்தனை முறை நடந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1974-இல் ஜோர்ன் போர்க், 1984-இல் இவான் லெண்டில், 1999-இல் ஆந்த்ரே அகாஸி, 2004-இல் காடியோ, 2021-இல் ஜோகோவிச். இவர்களில் லெண்டிலிடம் தோற்ற ஜான் மெக்கன்ரோ, அந்த ஆண்டு அதுவரை ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்றிருக்கவில்லை; ஆண்டு முழுவதிலும் ஆடியவற்றில் 82 வென்று 3 மட்டுமே தோற்றவர். வலையை நோக்கி ஓடி வந்து ஆடும் அவர், முதல் இரண்டு செட்டை 6-3, 6-2 என்று எடுத்துவிட்டு, பிறகு 4-6, 5-7, 5-7 என்று கைவிட்டார். அவரை மனத்திடம் இல்லாதவர் என்று யார் சொல்வார்கள்? களிமண் தரையில் முன்னிலை என்பது வங்கியில் போட்ட பணம் போல அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு கேமிலும் அதைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

நேரக் கணக்கையும் பாருங்கள். இதற்கு முன் பிரெஞ்சு ஓபனில் மிக நீண்ட இறுதி ஆட்டமாக இருந்தது 1982-இல் மேட்ஸ் விலாண்டர் கில்லர்மோ விலாஸை வென்றது: 4 மணி 42 நிமிடம். அது நான்கே செட், அதிலும் ஒரு செட் 6-0! ஒரு புள்ளி முடிவதற்கே பந்து எத்தனை முறை வலையைக் கடந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 5: வலையருகே

எல்லோரும் ஆடவர் ஆட்டத்திலேயே நின்றுவிட்டதால், கேள்வியின் கடைசிப் பகுதிக்கு நான் பதில் எழுதுகிறேன். மகளிர் இறுதியை முழுமையாகப் பார்த்தேன்.

70 பிழைகள் என்பது உண்மை. காஃப் வென்ற கேம்கள் மொத்தம் 18. வெறும் கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு கேமுக்கு நான்கு புள்ளி என்று வைத்தால் 70 புள்ளிகள் பதினேழரைக் கேம்களுக்குச் சமம். அப்படிப் பார்த்தால் கோப்பையைச் சபலென்காவே பொதிந்து கொடுத்துவிட்டார் என்றுதான் தோன்றும். ஆட்டம் முடிந்த கையோடு அவரும் அந்தத் தொனியில்தான் பேசினார். அது சரியன்று என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

ஆனால் ‘தாமாகச் செய்த பிழை’ என்னும் இந்தத் தலைப்பை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எது தாமாகச் செய்தது, எது எதிராளி செய்யவைத்தது என்பதை ஒருவர் ஓரமாக உட்கார்ந்து தம் கண்ணால் பார்த்துத்தான் குறிக்கிறார். அந்த நாள் காற்று பலமாக வீசியது. பந்து எந்த இடத்தில் விழும் என்றே சொல்ல முடியாத நிலை. அப்படிப்பட்ட நாளில் சபலென்கா அடித்த வேகமான அடி, எதிரில் வேறு யாராக இருந்தாலும் புள்ளியாக முடிந்திருக்கும். காஃப் அதை ஓடிப்போய் எடுத்து, உயரமாகவும் ஆழமாகவும் திருப்பிப் போட்டுவிடுவார். இரண்டாவது அடியும் திரும்பி வரும். மூன்றாவதைக் கோட்டுக்கு இன்னும் அருகில் குறிவைத்தாக வேண்டும். அது அரையடி தள்ளி வெளியே போகும். பட்டியலில் அது சபலென்காவின் பிழையாக ஏறுகிறது. அதற்கு முன் காஃப் ஓடிய இரண்டு ஓட்டங்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. முதல் செட்டில் 1-4 என்று பின்தங்கியிருந்தவர், அதை டைபிரேக்கர் வரை இழுத்துவந்து 5-7 என்ற கணக்கில்தான் விட்டார் என்பதிலிருந்தே, அடுத்த இரண்டு செட் எப்படிப் போகும் என்று ஓரளவு தெரிந்துவிட்டது.

சபலென்கா அந்த இறுதிக்கு வந்த வழியையும் மறக்கக் கூடாது. அதே அரங்கில் தொடர்ந்து 26 ஆட்டங்கள் வென்றிருந்த இகா ஸ்வியாடெக்கை அரையிறுதியில் 7-6, 4-6, 6-0 என்று வென்றவர் அவர். அந்தக் கடைசிச் செட்டில் அவருடைய அடிகள் எதுவும் தவறியதாக எனக்கு நினைவில்லை. இரண்டு நாள் இடைவெளியில் அதே கைகளிலிருந்து 70 பிழைகள் வந்தால், எதிரில் நின்றவருக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். காஃபுக்கும் இது முதல் இறுதி அன்று. 2022-இல் ஸ்வியாடெக்கிடம் 6-1, 6-3 என்று ஒருதலையாகத் தோற்றிருந்தார்.

இடையில் ஒன்று. இந்தத் தொடரின் முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது கோப்பை வாங்கியவர் எவருடையதும் அன்று. தரவரிசையில் 361-ஆம் இடத்தில் இருந்து, வைல்டு கார்டு (அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அனுமதி) மூலம் உள்ளே வந்த பிரான்ஸின் லோயிஸ் புவாசோன், மூன்றாம் நிலை ஜெசிக்கா பெகுலாவையும் ஆறாம் நிலை மிர்ரா ஆண்ட்ரீவாவையும் வென்று அரையிறுதி வரை போனார். காஃபிடம் 6-1, 6-2 என்று அவர் தோற்றதை மட்டும் படித்தவர்களுக்கு அந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்பது தெரியவே தெரியாது.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: பேஸ்லைன்வாசி

விரிவான விளக்கங்களுக்கு அனைவருக்கும் நன்றி. 28-28 என்ற கணக்கு என் குழப்பத்தைப் பெரிதும் தீர்த்துவிட்டது. வலையருகே அவர்கள் சொன்ன மூன்றாவது அடி விளக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மகளிர் இறுதியின் பதிவைப் பார்க்கப் போகிறேன்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. ஐந்தாவது செட்டில் 10 புள்ளி டைபிரேக்கர் என்னும் விதி இல்லாமல் இருந்திருந்தால், ஒன்பது புள்ளிகள் முன்னிலையில் இருந்த சின்னர் வென்றிருப்பாரா? அந்த விதிதான் முடிவை மாற்றியது என்று சொல்லலாமா?

மறுமொழி 6: இரண்டாவது சர்வீஸ்

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசிச் செட்டில் 6-6 ஆனால் 10 புள்ளி டைபிரேக்கர் என்பது நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளுக்கும் பொதுவாக 2022-இல் வந்த விதி. அதற்கு முன் பாரிஸில் இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருப்பார்கள். காடியோவின் 2004 இறுதி 8-6 என்று முடிந்தது அப்படித்தான். அதே ஆண்டு முதல் சுற்றில் ஃபேப்ரிஸ் சாந்தோரோ, ஆர்னோ கிளெமானை ஐந்தாவது செட்டில் 16-14 என்று வென்றார்; இரண்டு நாளாக நடந்த அந்த ஆட்டம் 6 மணி 33 நிமிடம் ஓடியது.

பழைய விதி இருந்திருந்தால், சின்னரும் அல்கராஸும் இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆடியிருக்கக் கூடும். ஆனால் அந்த ஒன்பது புள்ளி முன்னிலை பெரும்பாலும் முன்பே செலவாகிப்போன ஒன்று; 6-6 என்ற நிலையில் அதற்கு மதிப்பு எதுவும் இல்லை. ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு அதிகப் புத்துணர்ச்சியோடு தெரிந்தவர் யார் என்று பார்த்தால், டைபிரேக்கரின் முதல் ஏழு புள்ளிகளே பதில் சொல்லிவிடும். அந்தக் கட்டத்தில் ஆட்டத்தை நீட்டியிருந்தால் அது சின்னருக்குச் சாதகமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கடைசி வரிசை அவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தத் தோல்வி நடந்தது ஜூன் 8. சரியாக ஐந்து வாரம் கழித்து, ஜூலை 13 அன்று விம்பிள்டன் இறுதியில் இதே இருவர் மோதினார்கள். அங்கே முதல் செட்டைச் சின்னர் இழந்தார். பிறகு 4-6, 6-4, 6-4, 6-4 என்று வென்றார். நான்காவது செட்டில் மீண்டும் 5-3 என்ற முன்னிலை அவருக்கு வந்தது. 5-4 என்றானதும் கோப்பைக்காகச் சர்வீஸ் போட்டார், இந்த முறை முடித்தார்.